குமுதா எழுதாமல் விட்ட சொல்

குமுதாவோடு கொமுட்டர் ரயிலில் போனால் கண்ணை மூடித் தூங்க முடியாது. கிள்ளானில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேரும்வரை ஜன்னல் வழியாகத் தெரிகிற போர்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வருவாள். வாசிப்பதோடு விட்டால் பரவாயில்லை. பக்கத்தில் இருக்கிற என்னையும் இடித்துக் காட்டுவாள்.

"அங்க பாருங்கக்கா. 'யூஸ் கார்'னு போட்டிருக்கான். 'யூஸ்ட் கார்'னுதானே இருக்கணும்?"

"அவன் கார் வித்தா சரி. உனக்கென்ன?"

"அதுக்கில்லக்கா. கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

அவளுக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு எட்டு வயது இளையவள். பந்திங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தவள். அதற்குப் பிறகு இடைநிலைப்பள்ளிக்கு மூன்று மாதம் போனாள். அம்மா படுத்துவிட்டதால் நின்றுவிட்டாள். நானும் காப்பார் எஸ்டேட் பள்ளியில் ஆறோடு சரி. அதனால்தானோ என்னவோ எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகும். வெள்ளிக்கிழமை விரதமும் கோயிலும் ஒன்றாகத்தான்.

நாங்கள் வேலை செய்வது கிள்ளானில் ஒரு சலவை ஃபேக்டரி. ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பு, துண்டு, தங்க வருகிறவர்களின் சட்டை, சேலை எல்லாம் லோரியில் வரும். துவைத்து, அயன் செய்து, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். நான் மடிக்கிற மேசை. குமுதா பதினான்கு வருடம் ஸ்டீம் பிரஸ்ஸில் நின்றாள். நின்றாள் என்றால் உண்மையிலேயே நிற்பதுதான். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம். போன வருடம் முழங்கால் இரண்டும் வீங்கி, கிளினிக்கில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனிமேல் நின்று செய்கிற வேலை கூடாது என்று.

எங்கள் ஃபேக்டரியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். வாசல் பக்கத்துச் செக்கர் மேசை. வருகிற துணி ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, அது எந்த நிலையில் வந்தது என்று சீட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது, கறை இருந்தால் கறை, பட்டன் இல்லாவிட்டால் பட்டன் இல்லை. துணி உள்ளே போவதற்கு முன்பே எழுதிவிட்டால் பிறகு யாரும் நம்மைக் கை காட்ட முடியாது. அங்கே இருந்த அக்கா, தன் மகனோடு இருக்க ஈப்போவுக்குப் போனதும் சூப்பர்வைசர் ராஜன் அண்ணன் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். குமுதா கை தூக்கினாள். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் லேசாகச் சிரித்தேன்.

"தவுக்கே மூணு மாசம் பாப்பாரு," என்றார் ராஜன் அண்ணன். தவுக்கே எங்கள் முதலாளி, சீனர். "சரியா வரலைன்னா வேற உக்கார வேலை இல்ல, குமுதா. மறுபடியும் பிரஸ்தான்."

மறுபடியும் பிரஸ் என்றால் அவளுக்கு வேலையே இல்லை என்றுதான் அர்த்தம். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. அயன் செய்து முடித்த பன்னிரண்டு சட்டைகளைப் பையில் போட்டு, மேலே 'ஐயர்ன் ஷர்ட் 12' என்று எழுதி வைத்தாள். மாலை ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் பன்னிரண்டையும் வெளியே எடுத்து மறுபடியும் அயன் செய்துவிட்டார்கள்.

"நீ எழுதினதுக்கு 'சட்டையை அயன் பண்ணு'ன்னு அர்த்தம் லா," என்றார் ராஜன் அண்ணன். "அவங்க நல்ல பிள்ளைங்க. சொன்னதைச் செஞ்சுட்டாங்க."

குமுதா அன்று சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். அங்கே ஒரு கோயில் மண்டபத்து மாடியில் பெரியவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் துணைக்குத்தான் போனேன். கடைசி பெஞ்ச்.

சொல்லிக்கொடுத்தது ஷாமினி என்கிற பெண். சாலாக் செலாத்தானில் வீடு, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. எங்களைவிட ரொம்பச் சின்னவள். ஆனால் பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. குமுதா பையிலிருந்து ஃபேக்டரிச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டி, "டீச்சர், எனக்கு இதுல இருக்கிறது மட்டும் போதும்," என்றாள். ஷாமினி அதை வாங்கிப் பார்த்துவிட்டு போர்டில் 'டேர்' என்று எழுதினாள். பக்கத்தில் 'டோர்ன்' என்று எழுதினாள்.

"அக்கா, தமிழ்ல 'கிழி சட்டை'ன்னு சொல்வீங்களா?"

"ஏன் சொல்றேன்? கிழிஞ்ச சட்டை."

"அவ்வளவுதான். 'டேர்'னா கிழி. 'டோர்ன்'னா கிழிஞ்ச. 'பர்ன்' எரி, 'பர்ன்ட்' எரிஞ்ச. 'ஃபேட்' வெளு, 'ஃபேடட்' வெளுத்த. உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். வேற சட்டை போட்டுக்கிட்டு வருது, அவ்வளவுதான்."

குமுதாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முப்பது வருடமாக மூடியிருந்த கதவு ஒன்று, பூட்டே போடவில்லை என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

உடனே எழுந்து நின்று ஆங்கிலத்திலேயே சொன்னாள். "டீச்சர், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங்!"

"நீங்க இன்ட்ரஸ்டிங்தான் அக்கா, அதுல சந்தேகமே இல்ல," என்றாள் ஷாமினி. "ஆனா அதை மத்தவங்க சொல்லணும். உங்களுக்கு ஆசையா இருக்குன்னா, 'இன்ட்ரஸ்டட்'."

வகுப்பே சிரித்தது. குமுதாவும் சிரித்தாள். ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. பட்டன் இல்லாத சட்டைக்கு ஏன் சீட்டில் 'மிஸ்ஸிங்' என்று இருக்கிறது, 'மிஸ்ட்' என்று ஏன் இல்லை என்று கேட்டாள். அது மட்டும் அப்படித்தான் வரும், அதைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்றாள் ஷாமினி. பிறகு குமுதா இன்னொன்று கேட்டாள். எனக்கு அது மனதில் தங்கிவிட்டது.

"தமிழ்ல கிழிஞ்ச சட்டை வேற, கிழிச்ச சட்டை வேற டீச்சர். கிழிச்சதுன்னா யாரோ கிழிச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல?"

"ரெண்டுக்கும் 'டோர்ன்'தான் அக்கா. யாரு கிழிச்சாங்கன்னு அது சொல்லாது. யாரையும் குத்தமும் சொல்லாது. துணி இப்ப எப்படி இருக்கு, அதை மட்டும் சொல்லும்."

"நல்ல வார்த்தைதான்," என்றாள் குமுதா.

அதற்குப் பிறகு செக்கர் மேசையிலிருந்து எந்நேரமும் மந்திரம் மாதிரி சத்தம் வரும். டோர்ன் பில்லோகேஸ். ஸ்டெய்ண்ட் பெட்ஷீட். பர்ன்ட் டவல். துணியை எடுப்பாள், சொல்வாள், எழுதுவாள், அடுத்ததை எடுப்பாள். வீட்டிலும் இதே கதைதான். அவள் வீட்டுக்காரர் சுகுமாறன் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர், கேலி செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. காலையில் சாப்பிட உட்கார்ந்ததும், "மேடம், எனக்கு 'பாய்ல்' முட்டை வேணுமா, 'பாய்ல்ட்' முட்டை வேணுமா?" என்பாராம். "பேசாம இருந்தா பாய்ல்ட். பேசினா நீங்களே பாய்ல் பண்ணிக்குங்க," என்று இவள் சொல்வாளாம். ஜொகூரில் நர்ஸுக்குப் படிக்கிற மகள் தாமரை போனில் கேட்டுக்கொண்டு சிரித்தாளாம்.

இப்படி இரண்டரை மாதம் நல்லபடியாகப் போனது. ஹோட்டலிலிருந்து ஒரு சீட்டுகூடத் திரும்பி வரவில்லை. மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அந்த ஜிப்பா வந்தது.

அன்று திங்கட்கிழமை. ஹோட்டல் பையிலிருந்து குமுதா ஒரு வெள்ளை ஜிப்பாவை எடுத்தாள். புதுசு. பருத்தி. நெஞ்சுப் பட்டியில் அரக்கு நூலால் பூவேலை செய்திருந்தது. சீட்டில் விருந்தாளியின் பெயர் வெள்ளைக்காரப் பெயராக இருந்தது. பிரித்தபோது சட்டைப்பையிலிருந்து மூன்று அட்சதை அரிசி மேசையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். யாரோ நம் ஆள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது. கல்யாண வீட்டார் புதுத்துணி எடுத்துக் கொடுத்து, நம் வழக்கப்படி மஞ்சளும் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். காலருக்குள்ளே ஒரு விரல் மஞ்சள், கீழே ஓரங்களில் ஒவ்வொரு விரல். வைத்த கை தாராளமான கை போலிருக்கிறது. நன்றாக ஈரமாகக் குழைத்து வைத்திருந்தார்கள்.

குமுதா அரிசியைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கைக்குட்டையில் முடிந்து வைத்தாள். பிறகு பேனாவை எடுத்தாள். சீட்டில் கட்டங்கள் வரிசையாக இருக்கும். டோர்ன், ஸ்டெய்ண்ட், பர்ன்ட், ஃபேடட். கறை பட்டது என்று சொல்கிற அந்த இரண்டாவது கட்டத்துக்கு மேலே பேனா அப்படியே நின்றது. என் மேசையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து எந்தக் கட்டத்திலும் கோடு போடாமல், கீழே 'குட் கண்டிஷன்' என்று எழுதினாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். தாலிக்கயிற்றில் இருக்கிற மஞ்சளைப் பார்த்து யாராவது கறை என்பார்களா?

புதன்கிழமை காலை ராஜன் அண்ணன் அந்த ஜிப்பாவை என் மேசைமேல் கொண்டுவந்து விரித்தார். காலர் பக்கமும் ஓரங்களும் வெற்றிலைச் சாற்றைத் துப்பியது போலச் சிவந்திருந்தன. ஒரு விரல் அகலம் இருந்தது உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், குங்குமம் அப்படித்தான் வருகிறது. சோப்புத் தூளின் காரமும் அதே வேலையைத்தான் செய்யும். ஹோட்டல் விரிப்புகளோடு சுடுதண்ணீரில், காரமான தூளில் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள்.

ஹோட்டலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கல்யாண விருந்துக்கு அந்த வெள்ளைக்காரர் இதைத்தான் போட வேண்டுமாம். என்ன ஆனது என்று எழுத்தில் பதில் வேண்டுமாம்.

ராஜன் அண்ணன் வாஷிங் பக்கத்திலிருந்து அமானுல்லாவைக் கூப்பிட்டார். அமானுல்லா நாகப்பட்டினத்துப் பக்கம். வேலை பெர்மிட்டில் வந்து ஆறு வருடமாக மெஷின் பார்க்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாது.

"சீட்டைப் பாரு. 'குட் கண்டிஷன்'. வரும்போது சுத்தமா வந்திருக்கு. அப்ப உன் மெஷின்லதானே ஆயிருக்கு?"

"அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியாதுண்ணே. கறைன்னு போட்டிருந்தா நான் தனியா எடுத்து வச்சிருப்பேன்ல. அப்படித்தானே எப்பவும் செய்யறேன்?"

"எனக்குத் தெரியும் லா. தவுக்கேக்கு யாரு சொல்றது? லெட்டர் கொடுக்கணும்ங்கிறாரு."

லெட்டர் என்றால் எச்சரிக்கைக் கடிதம். அந்த மாதம்தான் அமானுல்லாவின் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஃபைலில் லெட்டர் இருந்தால் தவுக்கே கையெழுத்துப் போட மாட்டார். அமானுல்லா கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். கை ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

பத்து மணித் தேநீருக்கு குமுதா வரவில்லை. பின்பக்கம் துணி காயப்போடுகிற முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குத் தே ஓ, பால் விடாத தேநீர், வாங்கிக்கொண்டு போனேன்.

"நான்தான்கா எழுதல," என்றாள். "கண்ணால பாத்தேன். மஞ்சளைப் பாத்து எப்படிக்கா கறைன்னு எழுதுவேன்? கை வரல."

"எனக்கும் வந்திருக்காது."

"எழுதியிருந்தா அந்தத் தம்பி தனியா எடுத்து வச்சிருப்பாரு. இப்ப அவரு தலையில விழுது."

"இன்னும் ரெண்டு வாரம்கூட இல்லடி உனக்கு," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன்.

"அதான்கா. உக்காந்து செய்ற வேலை, உக்காந்து செய்ற வேலைன்னு ராத்திரியெல்லாம் சாமிகிட்ட கேட்டேன். கொடுத்துச்சு. இன்னொருத்தர் பொழப்பு மேல உக்காரச் சொல்லியா கொடுத்துச்சு?"

தே ஓவைக் குடிக்காமலே எழுந்து ராஜன் அண்ணனிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, அந்தச் சட்டை வரும்போதே மஞ்சளோடதான் வந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் எழுதாம விட்டேன்."

ராஜன் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்?"

"கல்யாண மஞ்சள் அண்ணே."

அவரும் நெற்றியில் விபூதியோடு வருகிறவர்தான். மேசையிலிருந்து ஒரு ஃபாரம் எடுத்து நீட்டினார்.

"எழுதிக் கொடு. இங்கிலீஷ்ல. நான் எழுத மாட்டேன். நீயே எழுது."

அரை மணி நேரம் ஆனது. அதில் இருந்தது நாலே வரிதான். சட்டை வரும்போதே மஞ்சள் கறை பட்டிருந்தது. நான் பார்த்தேன். எழுதவில்லை. வாஷிங் ஆள் மேல் தவறு இல்லை. எந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லையோ அந்த வார்த்தையை முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். 'ஸ்டெய்ண்ட் வித் டர்மரிக்.' ராஜன் அண்ணன் இரண்டு முறை வாசித்தார்.

"எழுத்து சரியாத்தான் இருக்கு. இதைக் கொடுத்தா உன் மேசை போயிடலாம், தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணே."

தவுக்கே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பார்த்து வாசித்தார். அமானுல்லாவுக்கு டைப் செய்து வைத்திருந்த லெட்டரைக் கிழித்துக் குப்பையில் போட்டார். குமுதாவைப் பார்த்து மலாயில் ஒன்றுதான் சொன்னார். சனிக்கிழமை காலை ஹோட்டல் லோரி போகும், சட்டை வெள்ளையாகப் போகட்டும், மற்றதைத் திங்கட்கிழமை பேசலாம்.

வெளுக்கிற மருந்து போடலாம் என்றால் அரக்கு நூல் பூவேலை பாழாகிவிடும். எங்கள் முன்னால் இருந்தது நம் வீட்டு வைத்தியம்தான். அமானுல்லா கேண்டீனிலிருந்து எலுமிச்சம்பழம் நாலு வாங்கிவந்தார். குமுதா சாற்றைச் சிவந்த இடத்தில் பிழிந்து விரலால் மெதுவாகத் தேய்த்தாள். எங்கள் கண் முன்னாலேயே சிவப்பு கலைந்து மஞ்சளாக மாறியது.

"பாருங்கக்கா," என்றாள் குமுதா, பயத்தை மறந்து. "குங்குமம் மறுபடியும் மஞ்சளாப் போச்சு!"

"இனி வெயில்தான்," என்றார் அமானுல்லா. "எங்கூர்ல மஞ்சக் கறைக்கு வெயிலைத் தவிர வேற வண்ணான் கிடையாது."

ஆனால் அது நவம்பர் மாதம். கிள்ளானில் மதியம் ஆனால் மழை வரும்.

வியாழக்கிழமை காலை நல்ல வெயில். சட்டையைப் புரட்டி, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கொடியில் போட்டாள். அரை மணிக்கு ஒருமுறை செக்கர் மேசையிலிருந்து ஓடி வந்து, தண்ணீர் தெளித்து மறுபடியும் விரிப்பாள். இரண்டு மணிக்கு மழை. சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அன்றைக்குப் பாதி மஞ்சள் போயிருந்தது. பாதி இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. நாங்கள் இருவரும் விரதம். பன்னிரண்டரைக்கு அமானுல்லா தொழுகைக்குக் கிளம்பியவர் முற்றத்துப் பக்கம் வந்தார்.

"ஜும்மாவுக்குப் போறேன்கா. துவா செய்றேன்."

"எதுக்குத் தம்பி? மழை நிக்கவா, என் வேலை நிக்கவா?"

"ரெண்டுக்கும் ஒரே துவா போதும்கா. அல்லாஹ்வுக்குப் புரியும்."

"அப்ப நான் அம்மன்கிட்ட சட்டைக்கு மட்டும் சொல்லிடறேன். எல்லாரும் ஒரே விஷயத்துக்குப் போய் நிக்கக் கூடாதுல்ல."

ஒன்றரை மணிக்கு மேகம் விலகியது. யார் வேண்டியது பலித்ததோ எனக்குத் தெரியாது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், கல்லெல்லாம் சுட்டது. ராஜன் அண்ணன் சீட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "நீங்க கொஞ்ச நேரம் பாருங்க தங்கமணி," என்று சொல்லி குமுதாவைப் பின்பக்கம் அனுப்பிவிட்டார். நான் எழுதிய சீட்டுகளை அவள் பிறகு திருத்தினாள், அது வேறு கதை.

நாலு மணிக்கு சுகுமாறன் அவளைக் கூட்டிப்போக மோட்டார் சைக்கிளில் வந்தார். முற்றத்தில் குமுதா மடக்கிய குடையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு துளி விழுந்தால் சட்டைக்கு மேலே விரிக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

"உலகத்துல மழைக்குக் கொடை பிடிப்பாங்க, வெயிலுக்குப் பிடிப்பாங்க. நீ சட்டைக்குப் பிடிக்கிறே," என்றார். "உக்கார வேலை வேணும்னு ரெண்டு நாளா நிக்கிற ஒரே ஆளு நீதான்டி."

சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து அவளுக்குப் பின்னால் வைத்தார். குடையைத் தான் வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் சட்டை வெள்ளையாக இருந்தது. காலருக்குள்ளே மட்டும், இடம் தெரிந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, ஒரு நிழல். குமுதா யாரிடமும் கொடுக்காமல் தானே பிரஸ்ஸில் நின்று அயன் செய்தாள். பிறகு சீட்டு எழுத உட்கார்ந்தாள். மஞ்சள் கறையோடு வந்தது என்பதற்கு 'ஸ்டெய்ண்ட்'. துவைத்தது, அயன் செய்தது என்பதற்கு 'வாஷ்ட்', 'ஐயர்ன்ட்'. கடைசியாக ஒரு வரி, காலருக்குள் மங்கிய ஒரு தடம் என்று. 'எ ஃபேடட் மார்க்.'

ராஜன் அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "உள்பக்கம் லா. எவன் பாக்கப்போறான்? அதை ஏன் எழுதறே?"

"இருக்குதுல்லண்ணே," என்றாள் குமுதா.

அவர் கையெழுத்துப் போட்டார். லோரி போனது. சாயங்காலம் ஹோட்டலிலிருந்து போன் வந்தது. வெள்ளைக்காரர் அதைப் போட்டுக்கொண்டுதான் விருந்துக்குக் கிளம்பினாராம். மங்கிய தடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம்.

திங்கட்கிழமை குமுதா வேலைக்கு வந்து, எங்கே போவது என்று தெரியாமல் பிரஸ்ஸுக்கும் செக்கர் மேசைக்கும் நடுவில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியில் இருந்த விபூதி அன்றைக்குக் கொஞ்சம் அதிகம். தவுக்கே வந்தார். அவளைத் தாண்டிப் போனார். அப்புறம் திரும்பிப் பார்த்து, ஏன் நிற்கிறாய், டாக்டர் நிற்கக் கூடாது என்று சொன்னாரே, உட்கார் என்று மலாயில் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. ராஜன் அண்ணன் புதுச் சீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்த மாதக் கடைசியில் அமானுல்லாவின் பெர்மிட்டும் வந்தது. எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை, நாங்கள் இருவரும் கவிச்சி தொடமாட்டோம் என்பதை மறக்காமல் எங்களுக்கு மரக்கறிப் பிரியாணி.

இது நடந்து கொஞ்ச காலம் ஆகிறது. ஞாயிறு வகுப்புக்கு இப்போதும் போகிறோம். நான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெஞ்ச் முன்னால் வந்திருக்கிறேன்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. போன திங்கட்கிழமை ஹோட்டல் பையிலிருந்து ஒரு பட்டு வேட்டி வந்தது. ஓரத்தில் மஞ்சள், நன்றாகப் பளிச்சென்று. குமுதா அதைப் பிரித்தாள். இரண்டு கையாலும் தூக்கி, மஞ்சள் இருந்த இடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேசைமேல் வைத்தாள். பேனாவை எடுத்து, நிற்காமல், இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டாள்.

"இப்ப கை வருதா?" என்று என் மேசையிலிருந்து கேட்டேன்.

"அது என்னன்னு சாமிக்குத் தெரியும்கா," என்றாள். "மெஷினுக்குத்தான் தெரியாது. அதுக்குத்தான் எழுதறேன்."

வேட்டியைத் தனிக் கூடையில் போட்டு, "அமானுல்லா தம்பி, மஞ்சள்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். டோர்ன் பில்லோகேஸ்.